லயத்தில் உட்கார்ந்து லாயம் பார்த்த சீசன்: 120 வெள்ளி ‘பெட்டைக் குதிரை பேக்கேஜ்’ தேறுமா?

குதிரைப் பந்தயத்தில் எந்தப் பெட்டை ஜெயிக்கும் என்று பார்க்கச் சொல்லித்தருகிற இந்த பேக்கேஜை வாங்கலாமா வேண்டாமா என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை, அதனால் இங்கேயே மொத்தமாக எழுதிவிடுகிறேன். முழு விலை கொடுத்து வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியவர் யாராவது தெரிந்தால் இரவல் கேட்டு, 14-ஆம் பக்கத்திலிருந்து 22-ஆம் பக்கம் வரை மட்டும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த ஒன்பது பக்கம் தங்கம். மீதி எல்லாம் அலுமினியப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிய கதை.

விற்பவர் பெயரைப் போட மாட்டேன். முகநூலில் விளம்பரம் பார்த்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும், பார்க்காதவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

சரி, பொருள் என்ன? நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஒரு சீசன் முழுக்க. 68 பக்கத்தில் தமிழில் ஒரு பிடிஎஃப், அப்புறம் வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு நாலைந்து குரல் பதிவு. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் நடக்கும் ஹர்டில் பந்தயம், அதாவது குதிரை வேலி தாண்டி ஓடும் பந்தயம், அதிலும் நோவிஸ் ஹர்டில், அதிலும் இளம் பெட்டைக் குதிரைகள். இவ்வளவு குறுகின விஷயத்தைத் தமிழில் ஒருவர் எழுதியிருக்கிறாரே என்ற ஆச்சரியத்தில்தான் 120 வெள்ளி (ரிங்கிட்) போட்டேன். நம் ஈப்போவில் பேராக் டர்ஃப் கிளப் ரொம்பக் காலமாக இருக்கிறது, ஆனால் அங்கே ஓடுவதெல்லாம் வேலியில்லாத தட்டைப் பந்தயம். வேலி தாண்டும் குதிரையை நேரில் பார்த்தவர்கள் சுங்கை சிப்புட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்? நானும் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் பணம் கட்டி இதைச் சோதிக்கவில்லை. நம் நாட்டில் 1953-ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டப்படி புக்கியிடம் கட்டுவது குற்றம், வாங்குகிறவன் மட்டுமல்ல, கட்டுகிறவனும்தான் மாட்டுவான். கடைக் கணக்கு எழுதுகிற 555 நோட்டு ஒன்று வாங்கி, ஒவ்வொரு சிபாரிசுக்கும் கற்பனையாக ஐந்து வெள்ளி எழுதி, அன்றைய தொடக்க விலையை (ஓட்டம் தொடங்கும்போது அந்தக் குதிரைக்கு இருந்த பந்தய விலையை) பக்கத்தில் குறித்து, ஆறு மாதம் கணக்கு வைத்தேன். மனைவி இதைப் பார்த்துவிட்டு, யாருக்கு இவ்வளவு கடன் கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு நாள் சண்டைக்கு வந்தது தனிக்கதை.

என்னோடு சேர்ந்து பார்த்தவர் பெரியப்பா. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து, லாயத்தில் வேலை செய்தவர். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் பிடிக்காமல் பதினெட்டு வயதில் ஈப்போவுக்கு ஓடிப்போய், முப்பது வருஷத்துக்கு மேல் சைஸாக இருந்தார். சைஸ் என்றால் சட்டை அளவு இல்லை, இளசுகளுக்காகச் சொல்கிறேன், குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, காலில் சூடு இருக்கிறதா என்று விடியற்காலையில் தொட்டுப் பார்க்கிற ஆள். 2024 அக்டோபர் 5-ஆம் தேதி சிங்கப்பூர் கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்த அன்றைக்கு அவர் இரவு சாப்பிடவில்லை. அடுத்த மாதம் இந்த பேக்கேஜ் வந்ததும், மலேசிய நேரம் எட்டரை ஒன்பதுக்கு இங்கிலாந்தில் முதல் பந்தயம் தொடங்கும் என்று தெரிந்ததும், மைலோ டின்னில் என் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். இந்த விமர்சனத்தில் உருப்படியாக ஏதாவது இருந்தால் பாதி அவருடையது.

முதலில் அடிப்படை. பெட்டைக் குதிரை நாலு வயது வரை ஃபில்லி, ஐந்து வயதிலிருந்து மேர். குதிரை எந்த மாதம் பிறந்தாலும் அங்கே ஜனவரி 1-ஆம் தேதிதான் எல்லாவற்றுக்கும் பிறந்தநாள். ஹர்டில் என்பது குறைந்தது மூன்றரை அடி உயரம், நம் கணக்கில் 107 சென்டிமீட்டர், மரச் சட்டத்தில் குச்சி பின்னிச் சாய்த்து வைத்திருப்பார்கள், குதிரை காலால் இடித்தால் மடங்கிக் கொடுக்கும். குறைந்த தூரம் இரண்டு மைல், அதாவது 3.2 கிலோமீட்டர், அதில் குறைந்தது எட்டு வேலி. இதையெல்லாம் புத்தகம் சரியாகவே சொல்கிறது.

நோவிஸ் என்ற சொல்லில்தான் முதல் சறுக்கல். ‘அனுபவமே இல்லாத புதுக்குதிரை’ என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. இந்த சீசன் தொடங்கும் வரை ஹர்டிலில் ஒரு பந்தயம்கூட ஜெயிக்காத குதிரைதான் நோவிஸ். பத்துப் பந்தயம் ஓடி பத்திலும் தோற்றிருந்தாலும் நோவிஸ்தான். இது சொல் விளையாட்டு இல்லை, கணக்கையே மாற்றும். இங்கிலாந்தில் மார்ச் மாதம் பெரிய பந்தய விழா நடக்கிற செல்ட்டன்ஹாமில் பெட்டைகளுக்கான நோவிஸ் ஹர்டில் 2016-இல் தொடங்கியது. 2019-இல் அதை எக்லான்டீன் டு சோய் என்ற குதிரை 50-க்கு 1 விலையில் (ஒன்று போட்டால் ஐம்பது லாபம்) ஜெயித்தது. மயிரிழையில் இரண்டாவதாக வந்தது கான்செர்ட்டிஸ்டா. தோற்றதால் அது அடுத்த சீசனிலும் நோவிஸாகவே இருந்தது, 2020-இல் திரும்பி வந்து அதே பந்தயத்தை ஜெயித்தது. பெரிய மேடையில் ஒரு வருஷம் அடிபட்ட பெட்டை, அடுத்த வருஷம் சட்டப்படி இன்னும் நோவிஸ்! இப்படிப்பட்டதைத்தான் முதலில் தேட வேண்டும். ‘புதுக்குதிரை’ என்று நினைத்துக்கொண்டு படிக்கிறவன் இதை எப்படித் தேடுவான்?

அடுத்தது 7 பவுண்டு விவகாரம். இதில்தான் எனக்குக் கோபமே வந்தது.

ஆண் குதிரைகளோடு சேர்ந்து ஓடும்போது பெட்டைக்குச் சுமக்கிற எடையில் 7 பவுண்டு சலுகை, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆண் குதிரை 11 ஸ்டோன் 4 பவுண்டு சுமந்தால் அதே வயதுப் பெட்டை 10 ஸ்டோன் 11 சுமக்கும் (ஒரு ஸ்டோன் 14 பவுண்டு). இரண்டு மைல் பந்தயத்தில் ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய ஒரு குதிரை நீளம் என்று வைத்துப் பார்ப்பது அங்கே வழக்கம், ஆக ஏழு நீளம் கையில். பெரிய விஷயம்தான். ஆனால் புத்தகத்தில் இருக்கிற மதிப்பெண் அட்டவணை என்ன செய்கிறது தெரியுமா? பந்தய அட்டையில் அச்சாகியிருக்கும் எடையை எடுத்துக்கொண்டு ஒரு மதிப்பெண் போடுகிறது, அதற்கு மேல் ‘பெட்டைச் சலுகை’ என்று இன்னொரு 7 கூட்டுகிறது. அச்சான எடையிலேயே சலுகை கழிந்துதானே வந்திருக்கிறது? கழிவு போட்ட விலைச்சீட்டைக் காட்டி மறுபடியும் கழிவு கேட்டால் தவுக்கே விடுவாரா? அதோடு நின்றாலும் பரவாயில்லை. பெட்டைகள் மட்டுமே ஓடும் பந்தயத்திலும் எல்லாக் குதிரைக்கும் அதே 7. எல்லோரையும் ஒரே உயர முக்காலியில் ஏற்றிவிட்டு யார் நெட்டை என்று கேட்கிற மாதிரி. குதிரையின் திறமைக்கேற்ப எடை ஏற்றுகிற ஹேண்டிகேப் பந்தயங்களில் இந்தச் சலுகையே கிடையாது, அங்கேயும் கூட்டியிருக்கிறார். இதைக் குரல் பதிவில் கேட்டேன். “அண்ணே, அது சிஸ்டம்ணே, பழகினா புரியும்” என்று பதில். பழகினேன். புரியவில்லை.

பெரியப்பாவுக்கு இந்த அட்டவணையெல்லாம் எட்டாது. அவர் கேட்ட ஒரே கேள்வி: “இது யாரை ஜெயிச்சுச்சு?” அதுதான் மொத்தப் பாடமும். பெட்டைகள் மட்டும் ஓடும் சின்ன ஊர்ப் பந்தயத்தில் ஆறு குதிரை இறங்கும், அதில் மூன்று நடக்கவே யோசிக்கும். பத்து நீளத்தில் ஜெயித்தது என்று அட்டையில் ‘1’ அழகாக நிற்கும். அந்த ‘1’-ஐ இந்தப் புத்தகம் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் எடுத்துக்கொள்கிறது. தைப்பூசத்துக்கு ஊரே கூடும்போது ஓட்டப்பந்தயத்தில் முதல் பரிசு வாங்குவதும், தோட்டத்து விளையாட்டு நாளில் நாலு பிள்ளைகளை முந்துவதும் ஒன்றா? தோற்ற குதிரைகள் அதற்குப் பிறகு என்ன செய்தன, அதில் எத்தனை ஜெயித்தன என்று பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். ஆண்களோடு ஓடி மூன்றாவது வந்த பெட்டை, பெட்டைகளை மட்டும் வென்ற பெட்டையை விடப் பல சமயம் மேல். இந்த யோசனைக்குப் புத்தகத்தில் அரைப் பக்கம்கூட இல்லை. அதே சமயம், முன்னால் ஜெயித்த குதிரைக்கு நோவிஸ் பந்தயத்தில் தண்டனை எடை ஏற்றுவார்கள் என்பதை ஒரு வரியில் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறார். அந்த எடையோடு மறுபடி ஓடப்போகும் பெட்டையை எப்படிப் பார்ப்பது என்றுதானே நாங்கள் காசு கொடுத்தோம்?

இப்போது நல்லது. 14-லிருந்து 22 வரை.

இது தாண்டுதல் பற்றிய பகுதி. யாரோ உண்மையாகவே விஷயம் தெரிந்தவர் எழுதிக் கொடுத்தது போல் இருக்கிறது, நடைகூட வேறு. குதிரை முதலாவதாக வந்ததா பத்தாவதாக வந்ததா என்பதை விட்டுவிடு, ஒவ்வொரு வேலியிலும் நாலு விஷயத்தைப் பார் என்கிறது: எங்கிருந்து எம்புகிறது, காற்றில் எந்தப் பக்கம் சாய்கிறது, காலை இறக்கினதும் எத்தனை அடியில் பழைய வேகம் பிடிக்கிறது, களைத்த பிறகு கடைசி இரண்டு வேலியில் இதெல்லாம் மாறுகிறதா. டிசம்பரில் ஒரு நாள் பெரியப்பாவும் நானும் இதை வைத்துக்கொண்டு ஒரு சாதாரணப் பெட்டைப் பந்தயத்தின் பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். ஐந்தாவதாக வந்த ஒரு பழுப்பு நிற ஐந்து வயது மேர். முதல் மூன்று வேலியில் ஒவ்வொன்றுக்கு முன்னாலும் குட்டிக்குட்டி அடி வைத்துத் தயங்குகிறது, வேலிக்கு ரொம்ப நெருங்கிப் போய் நேராக மேலே குதிக்கிறது, பூனை சுவர் ஏறுகிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் ஒரு நீளம் போகிறது. நாலாவதில் காது முன்னுக்கு வந்தது. பெரியப்பா படத்தை நிறுத்தச் சொன்னார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கைபேசிக்குக் கிட்டே வந்தார். “பாத்தியா, இப்பதான் வேலியப் பாக்குது. இவ்வளவு நேரம் முன்னால ஓடுற குதிரை வால பாத்துக்கிட்டு இருந்துச்சு.” ஐந்தாவது வேலியில் தூரத்திலிருந்தே எம்பியது, தாழ்வாக, வேலியை உரசாமல் தடவிக்கொண்டு போகிற மாதிரி. இறங்கின வேகத்திலேயே இரண்டு குதிரைகளைத் தாண்டியது. அதற்குள் முன்னால் போனவர்கள் போய்விட்டார்கள், ஜாக்கியும் சாட்டையை எடுக்கவில்லை, ஐந்தாவது.

அட்டையில் இது வெறும் ‘5’. புத்தகத்தின் சொந்த மதிப்பெண் அட்டவணையில் இதற்குக் கடைசி இடத்துக்கு முந்தின இடம். அதே புத்தகத்தின் 19-ஆம் பக்கப்படி பார்த்தால் அடுத்த தடவைக்கு முதலில் குறிக்க வேண்டிய குதிரை. ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளாத மாதிரி இரண்டு பகுதியும் இருக்கின்றன. (மூன்று வாரம் கழித்து அது ஓடியது, ஜெயித்தது. நோட்டில் எங்கள் சொந்தக் கணக்கில் ஒரு பக்கம் ஒதுக்கினது அன்றிலிருந்துதான்.)

சின்ன உடம்புப் பெட்டைகள் பற்றி அதே பகுதியில் ஒரு நல்ல கருத்து இருக்கிறது. பெரிய தடைகளில் உயரமும் எலும்பும் வேண்டியிருக்கும், ஆனால் ஹர்டிலில் தாழ்வாக, வேகம் குறையாமல் தாண்டுகிறதுதான் காசு, அதனால் அணிவகுப்பில் சிறியதாகத் தெரிகிற பெட்டையை உடனே தள்ளிவிடாதே என்கிறது. பெரியப்பா தலையாட்டினார். ஆனால் சேறான தரையில் அதே சின்னப் பெட்டை எடை தூக்கி மேட்டில் ஏறுமா என்பதைத் தனியாகப் பார்க்கணும் என்றார். செல்ட்டன்ஹாம் கடைசியில் மேடு, சாண்டவுனும் மேடு, கெம்ப்டன் தட்டை. கெம்ப்டனில் வழுக்கிக்கொண்டு ஜெயித்ததை மேட்டுக்குக் கொண்டுபோனால் கதை வேறு. இந்த மைதான விவரம் புத்தகத்தில் சுமாராக இருக்கிறது.

வம்சம் பற்றிய அத்தியாயம் பதினோரு பக்கம், பாதிக்கு மேல் தகப்பன் குதிரைகளின் பெயர்ப் பட்டியல். தாயைப் பார்த்துப் பெண்ணை எடு, பாலைப் பார்த்துப் பசுவை எடு என்று சொல்கிற நம்மவன் எழுதின புத்தகத்தில் தாய்க்குதிரைக்கு ஒரு பத்தி! நம் தோட்டத்தில் கிடாரி வாங்கப் போனால் என் பாட்டி முதலில் தாய்ப் பசுவின் மடியைத்தான் பார்ப்பாள், காளை எந்த ஊர் என்று கடைசியில்தான் கேட்பாள். தாய் எந்தத் தரையில் ஓடியது, ஹர்டிலில் ஓடியதா, அதன் மற்ற குட்டிகள் எந்த வயதில் தேறின என்பது இளம் பெட்டைக்கு ரொம்ப முக்கியம், ஏனென்றால் அதன் சொந்த ஓட்டம் இரண்டோ மூன்றோதான் அட்டையில் இருக்கும். பிரெஞ்சுக் குதிரைகள் மூன்று வயதிலேயே வேலி தாண்டப் பழகிவிடும் என்பதைச் சொல்கிறார், அது சரி. தட்டைப் பந்தயத்திலிருந்து வருகிற ஃபில்லிக்கு வேகம் இருக்கும், தாண்டக் கற்றிருக்காது, பம்பர் என்கிற வேலியில்லாப் பழகு பந்தயத்திலிருந்து வருவது மெதுவாகத் தேறும். இந்த மூன்று வகையையும் ஒரே தராசில் போடாதே என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

நாலு வயது ஃபில்லிகளைத் தொடவே கூடாது என்கிறார் ஓர் இடத்தில், காரணம் ‘எலும்பு முற்றவில்லை’. அப்படியானால் செல்ட்டன்ஹாமில் நாலு வயதுக் குதிரைகளுக்கான டிரையம்ஃப் ஹர்டிலில் 2020-இல் பர்னிங் விக்டரியும் 2023-இல் லாஸிமௌத்தும் எப்படி ஜெயித்தன? இரண்டும் ஃபில்லி, கூட ஓடியவற்றில் ஆண் குதிரைகளும் இருந்தன. 2020-இல் வெகுதூரம் முன்னால் வந்துகொண்டிருந்த கோஷன் கடைசி வேலியில் ஜாக்கியைத் தள்ளிவிட்டது என்பது உண்மைதான், அது அதிர்ஷ்டம்தான், ஆனால் லாஸிமௌத்துக்கு யாரும் விழுந்து கொடுக்கவில்லை.

குதிரையின் ‘களை’ என்று ஓர் அத்தியாயம். மயிர் மினுமினுப்பு, நெற்றி வெள்ளை, நடையின் கம்பீரம், கண்ணில் தீட்சண்யம். பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “சுழி பாக்குறவன் எழுதினானா?” என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து அவரே, மயிர் விஷயத்தை மட்டும் தள்ளாதே என்றார். குளிர்காலத்தில் பெட்டைகளுக்கு மயிர் அடர்ந்து மங்கிக் கிடக்கும், பகல் நீள நீளப் பழைய மயிர் கொட்டி மினுக்கம் வரும், அந்த நேரத்தில் சில பெட்டைகள் ஒரே மாதத்தில் வேறு குதிரையாகிவிடும், அதனால் ஜனவரியில் மங்கலாக இருந்ததை மார்ச்சிலும் மங்கல் என்றே நினைக்காதே.

இதோடு சம்பந்தப்பட்டது பருவம். மார்ச் வந்தால் பெட்டைகள் சூட்டுக்கு வரும், ஆகவே மார்ச்சில் பெட்டையே வேண்டாம் என்று புத்தகம் தடித்த எழுத்தில் அடித்துச் சொல்கிறது. பகல் நீளும்போது பருவம் தொடங்குவது உண்மை. மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று, அதில் சூடு ஐந்திலிருந்து ஏழு நாள். அப்படியென்றால் மீதி இரண்டு வாரம்? பெரியப்பா பார்த்துக்கொண்ட ஒரு பெட்டை அந்த நாளில் யாரையும் கிட்டே விடாதாம், தண்ணீர் வாளியை உதைக்குமாம், ஆனால் பந்தயத்தில் வழக்கம் போலத்தான் ஓடுமாம். இன்னொன்று அதே நாளில் சாதுவாக இருந்து, ஓடும்போது பாதியில் படுத்துவிடும். குதிரைக்குக் குதிரை வேறு. வாலை ஓயாமல் சுழற்றுகிறதா, அணிவகுப்பில் வேர்த்துக் கொட்டுகிறதா என்று பார்த்து அந்த அந்தப் பெட்டைக்கு அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று ஒப்பிடச் சொல்கிறார் பெரியப்பா. மார்ச் முழுக்கக் கடையைச் சாத்து என்று சொல்வது எனக்கு வேடிக்கையாக இருந்தது, ஏனென்றால் இந்தப் பெட்டைகளுக்கு வருஷத்தின் பெரிய பந்தயமே மார்ச்சில்தான்.

அந்த மார்ச்சைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2024-இல் செல்ட்டன்ஹாம் பெட்டை நோவிஸை ஜெயித்தது கோல்டன் ஏஸ். எல்லோரும் நம்பிக் கட்டிய பிரைட்டர்டேஸ்அஹெட் இரண்டாவது. புத்தகம் இதை ‘குருட்டு அதிர்ஷ்டம்’ என்று இரண்டு வரியில் தள்ளியிருந்தது. 2025 மார்ச் 11, நோன்பு மாதம், மாமாக் கடையில் இன்னும் கூட்டம், நானும் பெரியப்பாவும் வீட்டு வாசலில். செல்ட்டன்ஹாமில் சாம்பியன் ஹர்டில், ஹர்டிலில் பெரிய பந்தயமே அதுதான். கான்ஸ்டிட்யூஷன் ஹில் நடுவில் விழுந்தது. ஸ்டேட் மேன் முன்னால் வந்துகொண்டிருந்தது, கடைசி வேலியில் அதுவும் விழுந்தது. 25-க்கு 1 விலையில் கோல்டன் ஏஸ் தாண்டி வந்து ஜெயித்தது, பிரைட்டர்டேஸ்அஹெட் அதற்கு வெகு பின்னால். அதிர்ஷ்டம் இல்லையா என்றேன். “அதிர்ஷ்டம்தான். ஆனா விழாம வந்துச்சுல்ல” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். குரல் பதிவில் அன்றிரவு ஒரு சத்தமும் இல்லை.

இரண்டு நாள் கழித்து வியாழக்கிழமை பெட்டை நோவிஸ். பேக்கேஜ்காரர் தன் மார்ச் விதியைத் தானே மறந்து மூன்று குதிரை கொடுத்தார், மூன்றும் இல்லை. ஜெயித்தது ஏர் ஆஃப் என்டைட்டில்மென்ட், ஹென்றி டி புரோம்ஹெட் பயிற்சி, ரேச்சல் பிளாக்மோர் சவாரி. அந்தப் பந்தயத்துக்கு ஹென்றியின் மகன் ஜாக்கின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், 2022-இல் மட்டக்குதிரைப் பந்தயத்தில் நடந்த விபத்தில் இறந்துபோன பதிமூன்று வயதுப் பையன். பெரியப்பா அன்றைக்கு விலையைப் பற்றியோ நோட்டைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

சேவை எப்படி? மோசம். எட்டே முக்கால் பந்தயத்துக்கு ஒன்பது பத்துக்குக் குரல் பதிவு வந்த நாள்கள் ஐந்து. ஓட்டத்திலிருந்து விலக்கிக்கொண்ட குதிரையைக் கடைசி வரை சொல்லவே மாட்டார். தோற்ற சிபாரிசுகள் மறுநாள் காலை ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று நிற்கும், ஜெயித்தவை மட்டும் பூச்சரம் போட்டுப் பட்டாசு வெடித்து மறுபடி வரும். நான் 555 நோட்டில் எழுதி வைத்திருந்ததால் எதை அழித்தாலும் எனக்குக் கணக்கு இருந்தது. பிப்ரவரியில் ஓர் இணையப் பந்தயத் தளத்தின் இணைப்பை அனுப்பி, இதில் சேர்ந்தால் அடுத்த சீசன் இலவசம் என்றார். அப்போதுதான் பேக்கேஜ் எதற்காக விற்கப்படுகிறது என்று எனக்கு விளங்கியது. இந்த ஒரு காரணத்துக்கே பாதி நட்சத்திரத்தைப் பிடுங்கிக்கொள்கிறேன்.

கணக்கு கேட்பீர்கள். 31 சிபாரிசு எழுதினேன், 17 ஜெயித்தன. பாதிக்கு மேல்! ஆனாலும் சிபாரிசுக்கு ஐந்து வெள்ளி வீதம் கடைசியில் 22 வெள்ளி நஷ்டம். எப்படி? ஜெயித்ததில் பெரும்பாலானவை ஊரே கட்டுகிற குதிரை, 4-க்கு 6, 1-க்கு 2 என்ற விலை. 4-க்கு 6 என்றால் ஆறு வெள்ளி போட்டு நாலு சம்பாதிப்பது, பத்தில் ஆறு ஜெயித்தால்தான் கை நட்டமில்லாமல் நிற்கும். 68 பக்கத்தில் விலை பற்றி ஒரு பக்கம் இல்லை. எந்தப் பெட்டை நல்ல பெட்டை என்று சொல்வது பாதி வேலை, இந்த விலைக்கு இது தகுமா என்று சொல்வது மீதிப் பாதி. அதைச் செய்யாதவர் ‘லாப வழிகாட்டி’ என்று அட்டையில் போடக் கூடாது.

யாருக்கு உதவும் என்று கேட்டால், ஹர்டில் என்றால் என்னவென்றே தெரியாமல் இரவில் பார்த்து ரசிக்க நினைக்கிறவருக்குத் தமிழில் இது ஒன்றுதான் என் கண்ணில் பட்டது, 30 வெள்ளி என்றால் வாங்கலாம். டான் ரன் என்ற குதிரை பற்றி, சாம்பியன் ஹர்டிலையும் பெரிய தடைகள் தாண்டுகிற கோல்ட் கப்பையும் இரண்டையும் ஜெயித்த ஒரே குதிரை, 1984-இலும் 1986-இலும், அதுவும் ஒரு பெட்டை, அந்தக் கதை ஒரு பக்கம் நன்றாக வந்திருக்கிறது. காசு பண்ணலாம் என்று நினைக்கிறவர்கள் கோப்பி குடித்துவிட்டுத் தூங்கலாம்.

ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம். அந்த ஒன்றரையும் 14-லிருந்து 22-க்கு.

சீசன் முடிந்ததும் 7 பவுண்டு அட்டவணையின் தப்பை ஒவ்வொன்றாக எழுதி, நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பி, பாதிப் பணமாவது திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். இரண்டு நீலக் கோடு விழுந்து ஐந்து வாரம் ஆகிறது. நேற்று அதே எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது, ஓடிப்போய்த் திறந்தால் அடுத்த சீசனுக்கு முன்பதிவு செய்தால் 20 வெள்ளி கழிவாம். பெரியப்பா அந்த ஒன்பது பக்கத்தை மட்டும் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார், பட்டணத்துக் கடையில் பக்கம் முப்பது காசு.